கென்யாவுல ஜனாதிபதி ஆட்சிதானே, அப்புறம் ரைலா ஒடிங்கா எப்படி பிரதமர் ஆனாரு?

அண்ணாநகர்_குரூப்1:
வணக்கம் மக்களே, ஒரு டவுட்டு. குரூப் 1க்கு படிச்சிட்டிருக்கேன், அண்ணா நகர்ல கோச்சிங். மாக் டெஸ்ட்ல கரண்ட் அஃபேர்ஸ்ல ஒரு கேள்வி, 2025 அக்டோபர் 15ல கேரளாவுல காலமான கென்ய முன்னாள் பிரதமர் யாருன்னு. ரைலா ஒடிங்கான்னு டிக் அடிச்சிட்டேன், அது ஈஸி, நியூஸ்ல பாத்ததுதான். ஆனா சார் ஆன்சர் டிஸ்கஷன் பண்றப்ப "கென்யாவோட முதல் பிரதமர்"னு சொன்னாரு, எனக்கு பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணு எழுந்து இல்ல சார், ஜோமோ கென்யாட்டாதான் முதல்னு சொல்லுச்சு, சாரு அத அப்புறம் பாத்துக்கலாம்னு அடுத்த கேள்விக்கு போயிட்டாரு. வீட்டுக்கு வந்து தேடுனா தலை சுத்துது. கென்யாவுல ஜனாதிபதி ஆட்சிதான், இப்பவும் பிரதமரே கெடையாது, 2008ல இருந்து 2013 வரைக்கும் மட்டும் நடுவுல ஒருத்தர் பிரதமரா இருந்திருக்காரு. அது எப்படி அஞ்சு வருஷத்துக்கு மட்டும் ஒரு நாட்டுக்கு பிரதமர் வேணும்னு தோணும்? பிரான்ஸ் மாதிரி ரெண்டு பேரும் இருக்குற சிஸ்டமா அது?

இன்னொண்ணு, இவரு ஜனாதிபதி எலெக்‌ஷன்ல 5 தடவை நின்னு 5 தடவையும் தோத்திருக்காரு. அப்படிப்பட்டவருக்கு நைரோபியில ஏர்போர்ட்டையே மூடுற அளவுக்கு கூட்டம் ஏன் வந்துச்சு? எங்க அம்மா வேற நியூஸ் பாத்துட்டு, ஆயுர்வேதத்துக்கா அவ்வளோ தூரத்துல இருந்து வந்தாரு மனுஷன்னு கேட்டுட்டே இருக்காங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

வேளச்சேரி_நைரோபி:
தம்பி, அந்த பொண்ணு சொன்னதுதான் ரைட்டு. 1963 ஜூன்ல சுயாட்சி வந்தப்ப ஜோமோ கென்யாட்டா பிரதமர், அதே வருஷம் டிசம்பர் 12 சுதந்திரம், 1964 டிசம்பர்ல குடியரசா மாறினதும் அவரே ஜனாதிபதி, பிரதமர் நாற்காலிய தூக்கிட்டாங்க. அதுக்கப்புறம் நாப்பது வருஷத்துக்கு மேல கழிச்சு வந்த ரைலா ரெண்டாவது பிரதமர், இதுவரைக்கும் கடைசி பிரதமரும் அவருதான்.

அந்த போஸ்ட் ஏன் வந்துச்சுன்னா யாரும் உக்காந்து யோசிச்சு சிஸ்டம் டிசைன் பண்ணல, ஊரு எரிஞ்சுது, அணைக்க வேற வழி இல்லாம பண்ணாங்க. நான் அப்ப பார்க்லாண்ட்ஸ்ல ஒரு குஜராத்தி முதலாளிகிட்ட அக்கவுன்ட்ஸ்ல இருந்தேன். 2007 டிசம்பர் 27 வோட்டு. எண்ண ஆரம்பிச்சப்ப ரைலா நல்லா லீட்ல இருந்தாரு, அவரு கட்சி ஓடிஎம் பார்லிமென்ட்ல 99 சீட்டு, ஜனாதிபதி கிபாக்கியோட கட்சி 43தான், அப்ப ஜனாதிபதியும் இவருதான்னு ஆபீஸ்ல வாட்ச்மேன்ல இருந்து எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. திடீர்னு ரிசல்ட் வர்றது மெதுவாச்சு, ரெண்டு மூணு நாள் இழுத்தாங்க. 30ம் தேதி சாயந்திரம் டிவியில, ரிசல்ட் அறிவிக்கிற ஹால்ல இருந்து மத்த மீடியாவ எல்லாம் வெளிய அனுப்பிட்டு அரசாங்க சேனல்ல மட்டும் தேர்தல் கமிஷன் தலைவர் கிவுய்ட்டு வந்து கிபாக்கி ஜெயிச்சாருன்னு படிச்சாரு, வித்தியாசம் சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம் ஓட்டு. கொஞ்ச நேரத்துலயே ஸ்டேட் ஹவுஸ் புல்வெளியில இருட்டுற நேரத்துக்கு பதவிப் பிரமாணமும் முடிஞ்சிடுச்சு. வெளிநாட்டுத் தலைவர் ஒருத்தர் கெடையாது, பொதுமக்கள் கெடையாது, அவசர அவசரமா கல்யாண மண்டபம் காலி பண்ணச் சொன்ன மாதிரி. லைவ் டெலிகாஸ்டுக்கும் தடை போட்டாங்க. காமெடி என்னன்னா அதே கிவுய்ட்டு கொஞ்ச நாள்ல பத்திரிகைக்காரங்க கேட்டப்ப கிபாக்கி ஜெயிச்சாரான்னு எனக்கே தெரியாதுன்னுட்டாரு.

அன்னைக்கு ராத்திரியே கிபேரா பக்கம் வானம் செவப்பா தெரிஞ்சுது. கிபேரான்றது நைரோபியோட பெரிய குடிசைப் பகுதி, ரைலாவோட லங்காட்டா தொகுதிக்குள்ள வரும். அது வழியா உகாண்டாவுக்குப் போற ரயில் தண்டவாளத்தையே பேத்து எடுத்துட்டாங்க, உகாண்டாவுல பெட்ரோல் கெடைக்காம போச்சு. கிசுமுவுல போலீஸ் சுட்டு பல பேர் செத்தாங்க. எல்டோரெட் பக்கம் கியாம்பான்ற இடத்துல சர்ச்சுக்குள்ள ஒளிஞ்சிருந்தவங்கள, பொம்பளைங்க குழந்தைங்கன்னு பாக்காம, வெளிய பூட்டி கொளுத்துனாங்க. அப்புறம் பதிலுக்கு நக்குரு, நைவாஷா. மொத்தம் 1,100 பேருக்கு மேல செத்தாங்க, வீட்ட விட்டு ஓடுனவங்க சுமார் 6 லட்சம். எங்களுக்கு ஒண்ணும் ஆகலப்பா, முதலாளி வீட்டு கேட்டுக்குள்ள இருந்துட்டோம். கடைங்க ஷட்டர் போட்டதால சோள மாவு கெடையாது, போனுக்கு ரீசார்ஜ் பண்ற ஸ்கிராட்ச் கார்டு கெடையாது, சென்னைக்கு வீட்டுக்கு பேச முடியாம தவிச்சது அதான். எங்க ஆபீஸ்ல டீ போடுற அக்கா ரைலாவோட லுவோ இனம், டிரைவர் கிபாக்கியோட கிகுயு இனம், ரெண்டு பேரும் டிசம்பர் வரைக்கும் ஒரே தட்டுல சாப்ட்டவங்க, ஜனவரில திரும்ப வந்தப்ப ஆளுக்கொரு மூலைல உக்காந்து சாப்ட்டாங்க. யாரும் யார்கிட்டயும் எலெக்‌ஷன் பத்தி பேசல.

ஜனவரி கடைசில ஐநா முன்னாள் பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் சமாதானம் பேச வந்து எறங்கினாரு. ஒரு மாசத்துக்கு மேல ரெண்டு தரப்பையும் உக்கார வெச்சு இழுத்தடிச்சு, தான்சானியா ஜனாதிபதி கிக்வெட்டேவும் வந்து சேந்து, 2008 பிப்ரவரி 28ல கிபாக்கியும் ரைலாவும் ஹரம்பி ஹவுஸ் வாசல்ல டேபிள் போட்டு கையெழுத்து போட்டாங்க. அரசியலமைப்ப திருத்தி பிரதமர் பதவிய உருவாக்கி, ஏப்ரல் 17ல ரைலா பதவியேத்தாரு. ரெண்டு கட்சிக்கும் சமமா பங்கு போடணும்னு 40 மந்திரி, ரெண்டு துணைப் பிரதமர் வேற, அதுல ஒருத்தர் உஹுரு கென்யாட்டா, முதல் பிரதமரோட பையன். இந்த ஆட்சிக்கு ஜனங்க வெச்ச பேரு "நுசு ம்காட்டே", பாதி ரொட்டி.

போரூர்_பாலா:
ஏன் கூட்டம்னு கேட்டீங்களே ப்ரோ, நான் ஒரு எதிர்க்கேள்வி கேக்குறேன். 1982ல இருந்து இந்தாளு ஜெயில்ல கெடந்தாரு, உள்ள தள்ளுனது அப்ப ஜனாதிபதியா இருந்த டேனியல் அராப் மோய். 2001ல யாரோட கேபினெட்ல எரிசக்தி மந்திரி? அதே மோய். தன் கட்சிய கொண்டு போய் மோய் கட்சியோட கலந்து அதுக்கு செக்ரட்டரி ஜெனரலும் ஆனாரு. மோய் தன் வாரிசா உஹுரு கென்யாட்டாவ அறிவிச்சதும் கோச்சிட்டு வெளிய வந்தாரு, தனக்கு கெடைக்கும்னு நெனச்சிட்டிருந்தாரு போல. அப்புறம் கிபாக்கிய தூக்கி விட்டாரு, அப்புறம் கிபாக்கியோட சண்ட, அப்புறம் கிபாக்கியோடயே ஆட்சி. உஹுருவ எதிர்த்து ரெண்டு எலெக்‌ஷன், 2018 மார்ச் 9ல அதே உஹுருவோட கைகுலுக்கல், 2022ல உஹுருவோட ஆதரவுலயே போட்டி. 2022ல ஜெயிச்சு ஜனாதிபதியான ரூட்டோவ எதிர்த்து 2023ல தெருவுல போராட்டம், 2024ல அதே ரூட்டோ கேபினெட்ல இவரு ஆளுங்க. நம்ம ஊர்ல கூட்டணி தாவுறவங்கள வெச்சு எவ்வளோ மீம் போடுறோம், இவரு ஆப்பிரிக்காக்காரர்ன்றதால தியாகி ஆயிடுவாரா?

அப்பா துணை ஜனாதிபதி, அண்ணன் எம்பி, குடும்பத்துக்கு கேஸ் சிலிண்டர் ஃபேக்டரி. கிபேரால ஓட்டு கேக்க 2007ல போனது செவப்பு ஹம்மர் வண்டியில. ஏழைகளோட தலைவராம்.

பெரம்பூர்_டீச்சர்:
பாலா, நீங்க சொன்ன தேதி எல்லாம் சரி, ஆனா கதைய பாதியில இருந்து ஆரம்பிக்கிறீங்க. நான் முப்பது வருஷம் ஹிஸ்டரி எடுத்தவ, அதனால கொஞ்சம் பின்னாடி போறேன், பொறுத்துக்கோங்க.

அப்பா ஜராமோகி ஒகிங்கா ஒடிங்கா. சுதந்திரத்துக்கு முன்னாடி வெள்ளக்காரன் இவர தனக்கு தோதா ஒரு அரசாங்கம் அமைக்கச் சொல்லி பாத்தான், கென்யாட்டாவ ஜெயில்ல இருந்து விடாம எதுவும் ஆகாதுன்னு நின்னவரு. அந்த கென்யாட்டாவே ஜனாதிபதி ஆகி இவர துணை ஜனாதிபதி ஆக்கினாரு, ரெண்டு வருஷம் கூட ஒழுங்கா ஓடல. நில விஷயம்தான் பிரச்சனை, வெள்ளக்காரங்க விட்டுட்டுப் போன நிலம் ஏழைக்கா, இல்ல ஆட்சியில இருக்குறவங்களுக்கும் அவங்க ஆளுங்களுக்குமான்னு. ஒடிங்காவோட பக்கம் நின்ன முக்கியமான ஆள் பியோ காமா பிண்டோ, கோவா வம்சாவளி, நம்ம நாட்டுல படிச்சவரு, 1965 பிப்ரவரில நைரோபியில வீட்டு வாசல்ல காருக்குள்ளயே சுட்டுக் கொன்னாங்க. பரீட்சைக்கு படிக்கிற பசங்களுக்கு இந்தப் பேரு தெரியணும், ஆனா எந்த கைட்லயும் இருக்காது. 1966ல ஒடிங்கா வெளிய வந்து தனிக் கட்சி ஆரம்பிச்சாரு. 1969 அக்டோபர்ல கிசுமுவுல ரஷ்யாக்காரங்க கட்டிக் குடுத்த ஆஸ்பத்திரி திறப்பு விழா, கென்யாட்டாவுக்கும் ஒடிங்காவுக்கும் மேடையிலயே வாய்த் தகராறு, கூட்டம் கல் எறிஞ்சுது, பாதுகாப்புப் படை சுட்டுது. கட்சிக்கு தடை, ஒடிங்கா ஜெயில்ல. லுவோ ஜனங்களுக்கு அந்தக் காயம் அங்க இருந்து ஆரம்பிக்குது.

ரைலா அப்ப கிழக்கு ஜெர்மனியில மக்டபர்க்ல இன்ஜினியரிங் படிச்சிட்டிருந்தாரு. 1970ல திரும்பி வந்து நைரோபி யுனிவர்சிட்டில லெக்சரர், பாலா கிண்டல் பண்ற அந்த சிலிண்டர் கம்பெனி அப்ப இன்ஜினியரா அவரே தொடங்கினது, அப்புறம் தர நிர்ணய அலுவலகத்துல துணை இயக்குநர் வரைக்கும் போனாரு. 1982 ஆகஸ்ட் 1ல விமானப்படை சிப்பாய்ங்க ஆட்சிய புடிக்கப் பாத்தாங்க, ஒரே நாள்ல அடக்கிட்டாங்க. ரைலா மேல தேசத்துரோக கேஸ் போட்டாங்க, அப்புறம் கேஸ வாபஸ் வாங்கிட்டு விசாரணையே இல்லாம ஆறு வருஷம் உள்ள வெச்சாங்க. 1984ல அவங்க அம்மா செத்தாங்க, ஜெயில்காரங்க ரெண்டு மாசம் கழிச்சுதான் மகனுக்கு சொன்னாங்க. 1988ல விட்டாங்க, அதே வருஷம் திரும்பப் புடிச்சாங்க, 1990ல மறுபடியும். 1991ல பாதிரியார் வேஷத்துல விக்டோரியா ஏரிய படகுல தாண்டி உகாண்டா போய் அங்க இருந்து நார்வே போய் சேந்தாரு. பல கட்சி முறை வந்ததும் திரும்பி வந்து 1992ல லங்காட்டா எம்பி. அப்பா 1994ல இறந்தப்ப கட்சித் தலைமை தானா மகனுக்கு வரல, வாமால்வான்னு இன்னொருத்தருக்குப் போச்சு, இவரு வெளிய வந்து சின்னக் கட்சி ஒண்ணு புடிச்சு, டிராக்டர் சின்னத்துல 1997 ஜனாதிபதி எலெக்‌ஷன்ல நின்னு மூணாவதா வந்தாரு. வாரிசுன்னா சொத்து மாதிரி கைக்கு வரணும் இல்ல? இவருக்கு வந்தது அப்பாவோட எதிரிங்க மட்டும்தான்.

மோயோட போய் சேந்தது எனக்கும் உறுத்தும். ஆனா அந்தக் கட்சிக்குள்ள இருந்து வெளிய வர்றப்ப பாதி கட்சிய கையோட இழுத்துட்டு வந்தாரு பாருங்க, அந்த உடைப்புதான் 2002ல நாப்பது வருஷ ஆட்சிய முடிச்சுது. 2002 அக்டோபர்ல உஹுரு பார்க் மைதானத்துல அவ்வளோ பெரிய கூட்டத்துல தன் பேரச் சொல்லாம "கிபாக்கி தோஷா"ன்னாரு, கிபாக்கியே போதும்னு. எலெக்‌ஷனுக்கு சில வாரம் முன்னாடி கிபாக்கி கார் ஆக்சிடென்ட்ல மாட்டி லண்டன்ல ட்ரீட்மென்ட், பிரச்சாரத்த தோள்ல தூக்கி ஓடுனது ரைலா. ஜெயிச்சா உனக்கு பிரதமர் பதவின்னு எழுதிக் குடுத்த ஒப்பந்தம் இருந்துச்சு. வீல்சேர்ல வந்து பதவியேத்த கிபாக்கி அத கண்டுக்கவே இல்ல, ரோடு போடுற இலாகா குடுத்தாரு. அதனால தம்பி, 2008ல வந்த பிரதமர் பதவி திடீர்னு அன்னான் மூளைல உதிச்சது இல்ல. 2002லயே பாக்கி வெச்ச கடன் அது.

அண்ணாநகர்_குரூப்1:
டீச்சர் செம, நோட்ஸ் எடுத்துட்டேன். வேளச்சேரி அண்ணா, ஒண்ணே ஒண்ணு, பிரதமரா இருந்தப்ப நெஜமாவே பவர் இருந்துச்சா? பாலிட்டில ரியல் எக்ஸிகியூட்டிவ், நாமினல் எக்ஸிகியூட்டிவ்னு படிக்கிறோம்ல, இவரு எதுல வருவாரு? நம்ம பிரதமர் மாதிரின்னு எழுதலாமா?

வேளச்சேரி_நைரோபி:
ஐயோ அப்படி மட்டும் எழுதிடாத, மார்க் போயிடும். நம்ம பிரதமரோட ஒப்பிடவே முடியாது. சட்டத்துல இருந்த வார்த்தை, அரசாங்கத்தோட வேலைகள ஒருங்கிணைச்சு மேற்பார்வை பாக்கணும்னு. ஜனாதிபதி நெனச்சா டிஸ்மிஸ் பண்ண முடியாது, பார்லிமென்ட் நம்பிக்கையில்லா தீர்மானம் கொண்டு வந்தாதான் போவாரு, அது ஒண்ணுதான் ஸ்ட்ராங்கான பாயின்ட். கேபினெட்டுக்கு தலைமை ஜனாதிபதி, ராணுவம், போலீஸ், கஜானா சாவி எல்லாம் அந்தப் பக்கம்.

நான் அங்க இருந்தப்ப பாத்த அசிங்கம் சொல்றேன் கேளு. 2010 பிப்ரவரில சோள ஊழல், ஸ்கூல் ஃபண்டு ஊழல்னு ரெண்டு விவகாரம். பிரதமர் பிரஸ் மீட் வெச்சு விவசாய மந்திரிய, கல்வி மந்திரிய மூணு மாசம் சஸ்பெண்ட்னு அறிவிச்சாரு. எல்லாரும் அட பரவாயில்லையேன்னு பாத்தோம், அன்னைக்கே சில மணி நேரத்துல கிபாக்கி அறிக்கை விட்டாரு, அப்படி சஸ்பெண்ட் பண்ற அதிகாரம் பிரதமருக்கு கெடையாது, ரெண்டு பேரும் வேலைய பாருங்கன்னு. முடிஞ்சு போச்சு. அந்த விவசாய மந்திரி யாருன்னு நெனக்கிற? வில்லியம் ரூட்டோ. 2007ல ரைலாவுக்கு ரிஃப்ட் வேலி ஓட்ட அள்ளிக் குடுத்த அதே ஆளு. மாவ் காட்டுல குடியிருந்தவங்கள காலி பண்ற விஷயத்துலயும் ரெண்டு பேருக்கும் முட்டிக்கிச்சு, அந்த ஊரு முழுக்க ரூட்டோவோட ஜனங்க. காட்ட காப்பாத்தணும்னு ரைலா சொன்னது சரிதான், ஆறு எல்லாம் அங்க இருந்துதான் பொறக்குது, ஆனா அதுக்கு அவரு குடுத்த விலை 2013லயும் 2022லயும் தெரிஞ்சுது.

அதுக்கு முந்தின வருஷம் இன்னொரு கூத்து. பார்லிமென்ட்ல ஆளுங்கட்சி சார்பா சபை அலுவல்களுக்கு தலைமை யாருன்னு சண்டை. ஜனாதிபதி லெட்டர்ல துணை ஜனாதிபதி கலோன்சோ பேரு, பிரதமர் லெட்டர்ல பிரதமர் பேரு. ஒரே அரசாங்கம், ரெண்டு லெட்டர். சபாநாயகர் மரெண்டே ரெண்டையும் ஏத்துக்காம, நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் அந்தக் கமிட்டிக்கு நானே தலைமைன்னு உக்காந்துட்டாரு. யாரு கார் முன்னாடி போறது, யாருக்கு சிவப்புக் கம்பளம்னு அஞ்சு வருஷமும் இப்படியே.

ஆனா பாலா, இத்தன கேவலத்துக்கு நடுவுல ஒண்ணு நடந்துச்சு. 2010 ஆகஸ்ட் 4 வாக்கெடுப்புல புதிய அரசியலமைப்பு 67 சதவீதத்துக்கு மேல ஓட்டு வாங்கி பாஸ் ஆச்சு. கிபாக்கியும் ரைலாவும் ஒரே மேடையில ஏறி ஆமான்னு போடுங்கன்னு கேட்டாங்க, ரூட்டோ வேணாம்னு பிரச்சாரம் பண்ணாரு. 47 மாவட்ட அரசுகள், அதுக்கு தனி பணம், சுதந்திரமான கோர்ட்டு, ஜனாதிபதி ஜெயிக்க 50 சதவீதத்துக்கு மேல வேணும்னு எல்லாம் அதுல வந்ததுதான். அதே சட்டம்தான் பிரதமர் பதவியையும் எடுத்துடுச்சு, 2013 எலெக்‌ஷனோட அந்த நாற்காலி காலி. தன் பதவிய ஒழிக்கிற சட்டத்துக்கு தானே ஊரு ஊரா போய் ஓட்டு கேட்டாரு, அவரு கணக்கு அடுத்து ஜனாதிபதின்றதா இருந்திருக்கும், அது வேற விஷயம்.

ஹைகோர்ட்_ஜூனியர்:
அந்த சுதந்திரமான கோர்ட்டு பத்தி நான் சொல்லியே ஆகணும், எங்க சீனியர் ஆபீஸ்ல இது வந்தப்ப எல்லாரும் ஜட்ஜ்மென்ட் டவுன்லோடு பண்ணி படிச்சோம். 2013ல உஹுரு 50.07 சதவீதம், ரைலா 43 சொச்சம், கேஸ் போட்டாரு, சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி பண்ணுச்சு, ஏத்துக்கிட்டு போயிட்டாரு. 2017 ஆகஸ்ட் 8ல திரும்ப அதே ரெண்டு பேரு, உஹுரு 54 சதவீதம்னு அறிவிச்சாங்க. எலெக்‌ஷனுக்கு ஒரு வாரம் முன்னாடி கமிஷனோட கம்ப்யூட்டர் சிஸ்டத்த பாத்துக்கிட்டிருந்த கிறிஸ் ம்சாண்டோன்ற அதிகாரிய கொன்னு போட்டிருந்தாங்க, அதனால எல்லாருக்கும் சந்தேகம். முதல்ல ரைலா கோர்ட்டுக்கு போக மாட்டேன்னாரு, அப்புறம் போனாரு.

அங்க சட்டப்படி ரிசல்ட் வந்து 7 நாள்ல பெட்டிஷன், போட்ட 14 நாள்ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லியாகணும். இங்க எலெக்‌ஷன் பெட்டிஷன் போட்டா எம்எல்ஏவோட டெர்ம் முடிஞ்சு அடுத்த எலெக்‌ஷனே வந்துடும், அதனால இந்த 14 நாள படிச்சப்ப எங்க ஆபீஸ்ல எல்லாரும் பெருமூச்சு விட்டாங்க. சர்வர காட்டுன்னு கோர்ட்டு சொல்லுச்சு, கமிஷன் ஒழுங்கா காட்டல. செப்டம்பர் 1ல சீஃப் ஜஸ்டிஸ் மராகா 4க்கு 2ன்னு மெஜாரிட்டில எலெக்‌ஷன் செல்லாதுன்னுட்டாரு. ஆட்சியில இருக்குற ஜனாதிபதியோட வெற்றிய கோர்ட்டு ரத்து பண்ணது ஆப்பிரிக்காவுல அதான் முதல் தடவ. பிரச்சாரத்துல நின்ன யாரும் நம்பல, ரைலாவே நம்பியிருக்க மாட்டாரு.

இங்கதான் பாலா ப்ரோ கட்சிக்கு நான் கொஞ்சம் சாயுறேன். கோர்ட்டுல ஜெயிச்சு மறு எலெக்‌ஷன் அக்டோபர் 26ன்னு வந்தா, அதே கமிஷன் நடத்துனா நான் நிக்க மாட்டேன்னு புறக்கணிச்சுட்டாரு. உஹுரு 98 சதவீதம். 2018 ஜனவரி 30ல உஹுரு பார்க்ல தன்னத் தானே "மக்கள் ஜனாதிபதி"ன்னு சத்தியப்பிரமாணம் எடுத்துக்கிட்டாரு, டிவி சேனல்ங்கள அரசாங்கம் கட் பண்ணுச்சு. அதுக்கு ஆறு வாரத்துல உஹுருவோட கைகுலுக்கல். நடுவுல தெருவுல போலீஸ் குண்டுல செத்தவங்க வீட்டுக்கு யாரு பதில் சொல்றது? அப்புறம் ரெண்டு பேரும் சேந்து அரசியலமைப்ப மாத்தப் பாத்தாங்க, அதுல பிரதமர் பதவிய திரும்பக் கொண்டு வர்றதும் இருந்துச்சு. ஹைகோர்ட்டு, அப்பீல் கோர்ட்டு, 2022 மார்ச்ல சுப்ரீம் கோர்ட்டு, மூணும் தடுத்துடுச்சு. இவரு போராடி வாங்கின சட்டத்துல வந்த ஜட்ஜுங்கதான் அவங்க.

போரூர்_பாலா:
பாத்தீங்களா, வக்கீலே சொல்லிட்டாரு.

2022 கணக்கு இன்னும் கொடும. ரூட்டோ 50.49, இவரு 48.85, வித்தியாசம் சுமார் 2 லட்சத்து 33 ஆயிரம், 2007ல அறிவிச்ச வித்தியாசத்துக்குப் பக்கத்துலதான். அந்தத் தடவ அரசாங்க மெஷின் மொத்தமும் இவரு பக்கம், பதவியில இருந்த உஹுரு இவருக்கு ஆதரவு, அப்பவும் தோத்தாரு. இத்தன வருஷம் அடிச்சவனோட கார்ல ஏறி வந்தா ஜனங்க எப்படி நம்புவாங்க? ரூட்டோ "தள்ளுவண்டிக்காரன்"னு பேசி ஜெயிச்சுட்டாரு. அதுக்கப்புறம் 2024 ஜூன்ல வரி மசோதாவ எதிர்த்து சின்னப் பசங்க பார்லிமென்ட்டுக்குள்ளயே நொழஞ்சாங்க, சுட்டுத் தள்ளுனாங்க, அந்தப் பசங்க எங்களுக்கு தலைவரும் வேணாம் கட்சியும் வேணாம் இனமும் வேணாம்னு சொன்னாங்க. ஜூலைல ரூட்டோ கேபினெட்ட கலைச்சதும் யாரு ஆளுங்க போய் உக்காந்தது? நிதி மந்திரியே ஓடிஎம்காரர். 2025 மார்ச்ல ரெண்டு பேரும் அக்ரிமென்ட் கையெழுத்து. ஜெயிலுக்குப் போன ரைலாவ நான் மதிக்கிறேன் டீச்சர், இந்தக் கடைசி ரைலாவுக்கு என்ன சொல்வீங்க?

பெரம்பூர்_டீச்சர்:
2024க்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அந்தப் பசங்கள்ல செத்தவங்க பேர எல்லாம் அவங்க சிநேகிதங்க சிலுவைல எழுதி வெச்ச போட்டோ பாத்தேன், எல்லாம் என் பேரன் வயசு. எண்பது வயசுல ஆப்பிரிக்க யூனியன் கமிஷன் தலைவர் பதவிக்கு நின்னாரு, அதுக்கு ரூட்டோவோட தயவு தேவைப்பட்டுது, 2025 பிப்ரவரில ஜிபூட்டிக்காரர் மஹ்மூத் அலி யூசுஃப்கிட்ட அதையும் தோத்தாரு. வேணாம்னு வீட்ல சொல்லியிருக்கணும்.

வேளச்சேரி_நைரோபி:
கூட்டம் ஏன் வந்துச்சுன்னு தம்பி கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. கணக்குப் பாத்து யாரும் அழ வரலப்பா. எங்க டீ அக்கா பையன்கிட்ட அப்ப வாட்ஸாப்ல பேசினேன், இப்ப அவனுக்கு கல்யாணமாகி கிசுமுவுல இருக்கான், "பாபா" போயிட்டாருன்னு மட்டும் சொன்னான், அப்பான்னுதான் அங்க கூப்பிடுவாங்க. இவனும் 2024 போராட்டத்துல ரைலாவ திட்டி ஸ்டேட்டஸ் போட்டவன்தான். ஓடிஎம்னா ஆரஞ்சு, 2005 அரசியலமைப்பு வாக்கெடுப்புல "வேண்டாம்"னு போடுறதுக்கு ஆரஞ்சு சின்னம், "வேணும்"க்கு வாழைப்பழம், அந்த ஆரஞ்சு ஜெயிச்சு அதுலயே கட்சி பொறந்துது, கிபாக்கி கேபினெட்டையே கலைச்சாரு. அந்த வருஷம் அவன் கைக்குழந்த. அவன் பொறந்ததுல இருந்து எதிர்க்கட்சின்னா இவருதான், எந்த போலீஸ் அடிச்சாலும் இவரு வந்து நிப்பாரு, கண்ணீர்ப்புகை வண்டிக்கு முன்னாடி கார் கூரைல ஏறி நிப்பாரு. அது போயிடுச்சுன்னுதான் அவனுக்கு.

அம்மா கேட்டதுக்கு: கூத்தாட்டுக்குளத்துல ஆயுர்வேத ட்ரீட்மென்ட்ல இருந்தாரு, காலைல வாக்கிங் போறப்ப ஹார்ட் அட்டாக். அந்த இடம் அவங்களுக்கு புதுசு இல்ல, பெரிய பொண்ணு ரோஸ்மேரிக்கு கண்பார்வை போய் 2019ல அங்கதான் வைத்தியம் பண்ணாங்க, பார்வை திரும்பி வந்துச்சுன்னு 2022ல பிரதமர் மோடியே மன் கி பாத்ல சொன்னாரு. மும்பை வழியா உடம்ப கொண்டு போன விமானத்துக்கு கென்ய வான்வெளிக்குள்ள வந்ததும் அவரு இனிஷியல்லயே ஆர்ஏஓ 001ன்னு அழைப்புக்குறி குடுத்தாங்க. ஏர்போர்ட்டு ரன்வே பக்கம் வரைக்கும் ஜனம், கசரானி ஸ்டேடியத்துல கூட்டத்த கலைக்க சுட்டதுல அன்னைக்கும் உயிர் போச்சு. அக்டோபர் 19ல போண்டோவுல அப்பா பக்கத்துலயே பொதச்சாங்க.

அண்ணாநகர்_குரூப்1:
அம்மாகிட்ட படிச்சு காட்டிட்டேன், கூத்தாட்டுக்குளம் எங்க இருக்குன்னு மேப்ல பாத்துட்டிருக்காங்க, முட்டி வலிக்கு போலாமான்னு அடுத்த பிளான். டெஸ்ட் சீரிஸ்காரங்களுக்கு ரெண்டாவது பிரதமர்னு மெயில் போட்டிருக்கேன், இன்னும் பதில் வரல. இப்ப ஓடிஎம் யாரு கைல இருக்கு? 2027ல அங்க எலெக்‌ஷன்ல, கரண்ட் அஃபேர்ஸ்ல வரும் போல.

ஹைகோர்ட்_ஜூனியர்:
அண்ணன் ஒபுரு ஒகிங்கா, சியாயா செனட்டர், தம்பி போனதும் அவசரமா அவரத்தான் தலைவர் ஆக்குனாங்க. வயசு தம்பிய விட அதிகம். கட்சிக்குள்ள ரூட்டோவோட இருக்கலாம்னு ஒரு கோஷ்டி, வெளிய வரணும்னு ஒரு கோஷ்டி. 1997ல இருந்து 2002 ஒண்ண விட்டா எல்லா ஜனாதிபதி எலெக்‌ஷன் சீட்டுலயும் ரைலா பேரு இருந்துச்சு, அந்த 2002லயும் ஜெயிக்க வெச்சது அவருதான். 2027ல லுவோ ஓட்டு மொத்தமா எந்தப் பக்கம் போகும்னு அங்க இருக்குறவங்களே ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

போரூர்_பாலா:
ரூட்டோ பக்கம்தான் போகும், அக்ரிமென்ட் போட்டு வெச்சுட்டு போயிட்டாரே.